எழுதியிருப்பதை எழுதியபடியே: தமிழ்த் தாளைப் படிக்கும் கைப்பேசி

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், கேரித் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர் தெலுக் பங்லிமா காராங். செம்பனைத் தோட்டங்களும் தொழிற்பேட்டையும் அருகருகே உள்ள ஊர். இங்கும் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஓரிரு தலைமுறைக்கு முன் தோட்ட லயங்களிலிருந்து வந்தவை. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் காகிதக் கட்டை அவிழ்த்தால் மூன்று எழுத்துமுறைகள் வெளியே வரும். தோட்டக் கிராணி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வேலைச் சான்று, ரூமி என்னும் லத்தீன் எழுத்தில் மலாய்ப் பிறப்புப் பத்திரம், ஜாவி கலந்த பழைய அடையாள அட்டை. அவற்றோடு தமிழில் அச்சான கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், யாரோ கத்தரித்து வைத்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ்த் துண்டு.

இந்தக் கட்டில் இருப்பது குடும்ப நினைவு மட்டுமல்ல. மலேசியாவின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டாலும் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1 அன்று. அதன் பிறகும் கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டு, பதிவு செய்யாமல் விட்ட தம்பதியர் தோட்டப்புறங்களில் இருந்தார்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளையின் குடியுரிமை தாயைச் சார்ந்தே தீர்மானிக்கப்படும். தாயிடம் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை இருந்தால் பிள்ளைக்குச் சிக்கல். இப்படிச் சிக்கியவர்களைப் பதிந்து உதவத்தான் 2011இல் ‘மைடாஃப்தார்’ இயக்கம் நடந்தது. தேசியப் பதிவிலாகா முகப்பில் நிற்கிறவருக்குப் பழைய தாள் ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

தாளைக் கைப்பேசியில் படம் எடுத்தால் அதிலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்ததுபோல் எடுத்துத் தருகிற செயலிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. கூகல் லென்ஸ், கூகல் கீப், அடோபி ஸ்கேன், கேம்ஸ்கேனர் என்று பெயர்கள் பல. இவை எப்படிப் படிக்கின்றன, தமிழை எவ்வளவு படிக்கின்றன, எந்தத் தாளை இவற்றிடம் கொடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது. ஏனென்றால் தமிழ்த் தாளைப் பெரும்பாலும் கைப்பேசி படிப்பதில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் சர்வர் படிக்கிறது.

இப்படி அச்செழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி பழைய கனவு. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பார்வையற்றோரின் தேவைக்குப் பெரும் பங்கு உண்டு. 1976இல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் அறிமுகம் செய்த இயந்திரம், பல வகை அச்சு எழுத்துகளைப் படித்துச் செயற்கைக் குரலில் வாசித்துக் காட்டியது. பார்வையற்றோர் புத்தகம் படிப்பதற்காகவே அது செய்யப்பட்டது. இன்று அதே வேலையைக் கைப்பேசி செய்கிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கடிதத்தையும் மருந்துப் பெட்டியையும் கைப்பேசியிடம் கொடுத்துப் படிக்கக் கேட்கும் ஒருவருக்கு இது வசதி சார்ந்த விஷயமே அல்ல. அடுத்தவரிடம் கொடுக்காமல் தன் கடிதத்தைத் தானே படிக்கும் சுதந்திரம்.

தொடக்ககால எழுத்துணரிகள் ஒவ்வோர் எழுத்தையும் தனியே வெட்டி எடுத்து, தம்மிடமுள்ள மாதிரி எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தன. அச்சு மாறினால் தடுமாறின. இப்போதைய முறை வேறு. முதலில் படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது, படமும் முத்திரையும் எங்கே என்று பிரிக்கப்படுகிறது. சாய்ந்த தாள் நிமிர்த்தப்படுகிறது. எந்த எழுத்துமுறை என்று அடையாளம் காணப்படுகிறது. பிறகு ஒரு முழு வரியைச் செயற்கை நரம்பு வலை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக என இரு திசையிலும் பார்த்து, இந்த இடத்தில் இந்த எழுத்து இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடுகிறது. கடைசியில் மொழி மாதிரி ஒன்று வருகிறது. இந்த மொழியில் இந்த எழுத்துக்குப் பின் எது வரும், எந்தச் சொல் வழக்கமானது என்ற அறிவை வைத்து அது முடிவைத் திருத்துகிறது. எச்.பி. நிறுவனம் 1980களில் தொடங்கி, 2005இல் மூல நிரலோடு பொதுவில் விட்ட டெசராக்ட் என்னும் மென்பொருளும் 2018இல் வந்த நான்காம் பதிப்பில் வரி முழுவதையும் படிக்கும் இந்த முறைக்கு மாறியது.

கடைசியில் வருகிற அந்த மொழி மாதிரிதான் நமக்கு நன்மையும் செய்கிறது, கேடும் செய்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழுக்கு என்ன தனிச் சிக்கல்? நம் எழுத்துகள் எண்ணிக்கையில் அதிகம் என்பது பலரும் சொல்லும் காரணம். 247 என்ற கணக்கு இயந்திரத்துக்குப் பெரிய சுமையல்ல. உண்மையான தொல்லை ஒப்புமையில் இருக்கிறது. துணைக்காலும் ரகரமும் பல அச்சுகளில் கிட்டத்தட்ட ஒரே வடிவம். கௌரி என்ற பெயரில் ‘கௌ’ என்பதன் வலப்பக்கத் துண்டும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் கௌரி, கெளரி என்று ககர எகரமும் ளகரமுமாகப் பிரிந்து பதிவாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் நமக்கும் பிழை தெரியாது. பின்னால் ‘கௌரி’ என்று தேடினால் கிடைக்காதபோதுதான் தெரியும். ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, கால் வலப்பக்கம் நிற்கிறது. ஆனால் கணினி அதைச் சேமிப்பது ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலுமாக. கண்ட வரிசையை இயந்திரம் மாற்றி அடுக்க வேண்டும். புள்ளியோ மிகச் சிறியது. மங்கிய தாளில் புள்ளி போனால் மெய், அகர உயிர்மெய் ஆகிவிடும். ஈ எச்சமிட்ட தாளில் இல்லாத புள்ளி புதிதாக முளைக்கும்.

மலேசியத் தாள்களில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டு ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்களைக் கைவிட்டது. மலேசிய ஏடுகளும் பிறகு அந்த வழிக்கு வந்தன. ஆகவே ஒரு வீட்டில் இருக்கும் 1960களின் பத்திரிகைத் துண்டில் ‘லை’ துதிக்கையோடு நிற்கும், ‘னா’ சுழித்துக்கொண்டு நிற்கும். யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான். படிக்கிற இயந்திரத்துக்கு அப்படி அல்ல. புதிய அச்சு எழுத்துகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஒன்று, துதிக்கை லையைப் பார்த்தால் அருகில் எது ஒத்திருக்கிறதோ அதை எழுதி வைக்கும். தாத்தா காலத்துத் தாளைப் படம் எடுக்கும்போது முதலில் கவனிக்க வேண்டிய எழுத்துகள் இவை.

ஜாவிக்கும் இதேபோன்ற நிலைமை. அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்த செயலி ஜாவியை ஓரளவு படிக்கும். ஆனால் ச, ங, ப, க, வ, ஞ ஒலிகளுக்காக மலாய்க்காரர்கள் சேர்த்துக்கொண்ட கூடுதல் எழுத்துகளில் தவறும்.

இனி, சர்வர் எதற்கு என்ற கேள்வி. செயலி உருவாக்குவோருக்குக் கூகல் தரும் எம்.எல். கிட் என்ற கருவித்தொகுப்பு, கைப்பேசிக்குள்ளேயே எழுத்தைப் படிக்கும். அது படிக்கும் எழுத்துமுறைகள் லத்தீன், சீனம், தேவநாகரி, ஜப்பானியம், கொரியம் என ஐந்து. தமிழ் அதில் இடம்பெறவில்லை. 2021இல் ஆப்பிள் தன் கருவிகளில் படத்திலுள்ள எழுத்தைத் தொட்டு எடுக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது இருந்த ஏழு மொழிகளிலும் தமிழ் இல்லை. ஆங்கில, மலாய்த் தாள்களை இணையமே இல்லாமல் கைப்பேசி படித்துவிடுகிறது, இரண்டுக்கும் லத்தீன் எழுத்துதானே. தமிழ்த் தாள் என்றால் படம் சுருக்கப்பட்டு இணையம் வழியே பெரிய தரவு மையத்துக்குப் போகிறது. அங்குள்ள பெரிய மாதிரி அதைப் படிக்கிறது. எந்தச் சொல் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு உறுதியாகப் படித்தோம் என்ற மதிப்பெண்ணோடு விடை திரும்பி வருகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் தாள் வீட்டை விட்டு வெளியே போய் வந்ததே தெரிவதில்லை.

இணையம் தேவையில்லாமல் தமிழ் படிக்கவும் வழியுண்டு. டெசராக்டுக்குத் தமிழ்ப் பயிற்சிக் கோப்பு இருக்கிறது. அதைக் கைப்பேசியில் வைத்து இயங்கும் செயலிகளும் இருக்கின்றன. சுத்தமான அச்சில் ஓரளவு நன்றாகவே படிக்கும். மங்கிய தாள், இரண்டு பத்தி அமைப்பு, அலங்கார எழுத்து என்று வந்தால் சர்வர் வழிப் படிப்பவை முந்திவிடும்.

இப்போது மொழி மாதிரிக்கு வருவோம். தோட்டத்துத் தமிழர்களின் பெயர்களை எழுதியவர்கள் கிராணிகளும் மருத்துவமனை, காவல் நிலைய எழுத்தர்களும். கேட்ட ஒலிக்கு அவரவர் போட்ட ஆங்கில எழுத்து. முனியம்மா என்ற பெயருக்கு மகன் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், அவருடைய சொந்த அடையாள அட்டையில் இன்னொன்று. ஓரிடத்தில் இரட்டை எம், இன்னோரிடத்தில் ஒற்றை. சுப்ரமணியத்துக்கு எத்தனை விதம் என்று சொல்லி முடியாது. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டை வைத்துத்தான் இரண்டு தாளிலும் இருப்பவர் ஒரே ஆள்தானா என்ற கேள்வி பதிவிலாகாவில் எழுகிறது. அதற்குச் சத்தியப் பிரமாணம் எழுதி விளக்கம் தர வேண்டியிருக்கிறது. அந்த வேறுபாடே ஆவணத்தின் உயிர்.

மொழி மாதிரியோ வழக்கமான வடிவத்தை விரும்பும். வழக்கத்துக்கு மாறான எழுத்துக்கூட்டலைக் கண்டால் அது பிழை என்று கருதித் திருத்தும். அண்மைக் காலத்தில் வந்திருக்கும் உரையாடல்வகைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தாளின் படத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவை பழைய எழுத்துணரிகளைவிடச் சரளமாகப் படிக்கின்றன, கிழிந்த இடத்தையும் நிரப்பிக் கொடுக்கின்றன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய எழுத்துணரி தெரியாத இடத்தில் குப்பையைக் கொட்டும், பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துவிடும். புதியவை தெரியாத இடத்தில் பொருத்தமான சொல்லைப் போடும், பார்த்தால் சரியாகவே இருக்கும். கட்டுரைக்கும் கதைக்கும் அது உதவி. பெயர், தேதி, அட்டை எண், தோட்டத்தின் பெயர் இருக்கும் தாளுக்கு அது தீங்கு. தாளில் இருக்க வேண்டியது என்ன என்பதை இயந்திரம் சொல்ல வேண்டியதில்லை. இருப்பது என்ன என்பதை மட்டும் சொன்னால் போதும்.

நம் ஊர்ப் பெயர்களும் இதில் மாட்டிக்கொள்கின்றன. தாமான், ஜாலான், லோரோங், கம்போங் என்று மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுதுகிறோம். பெரும்பாலும் தமிழ்நாட்டு எழுத்திலிருந்து மொழி கற்ற மாதிரிக்கு இவை பழக்கமில்லாதவை. கோலாலங்காட், காப்பார், பந்திங் போன்ற பெயர்கள் வரும் வரிகளை மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

பிழைக் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூற்றுக்கு 98 எழுத்து சரி என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. 1,500 எழுத்துள்ள ஒரு பக்கத்தில் அது 30 பிழை. கட்டுரை என்றால் படித்துக்கொண்டே திருத்திவிடலாம். அடையாள அட்டை எண்ணில் ஒன்று மாறினாலும் வேறொருவர் ஆகிவிடுகிறார். கையெழுத்தில் நிலைமை இன்னும் மோசம். பாட்டி எழுதிய நீல வான்கடிதத்தை இந்தச் செயலிகள் நம்பத் தகுந்த அளவில் படிப்பதில்லை. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வாயால் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சர்வருக்குத் தாள் போகிறது என்றால் யாரிடம் போகிறது என்ற கேள்வி வரும். 2019இல் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு பதிப்பில், விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட நிரல்பகுதி ஒன்று தீங்கான மென்பொருளை இறக்கும் தன்மையுடையது என்று கஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூகல் அதைத் தன் கடையிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. இலவசச் செயலி எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மைகாட் அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். ஒரு படம் வெளியே போனால் இத்தனையும் போகிறது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சட்டம் நிறுவனத்தைக் கேள்வி கேட்க உதவும், போன படத்தைத் திரும்பக் கொண்டுவராது.

என் தீர்ப்பு இதுதான்: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கித் தாள், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை எழுத்துணரிச் சர்வருக்கு அனுப்ப வேண்டாம். அவை பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பவை, இணையத்தை அணைத்துவிட்டுக் கைப்பேசிக்குள்ளேயே படிக்க வைக்கலாம். எழுத்தாக மாற்றிய பிரதியைப் பதிவிலாகா ஏற்றுக்கொள்ளாது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே மூலம் வேண்டும், அல்லது உறுதிசெய்யப்பட்ட நகல் வேண்டும். எழுத்துணரியின் பயன், கட்டில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று நாமே தேடி எடுக்க உதவுவது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் தாள்களை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. தாள் போனாலும் அதன் எண்ணும் தேதியும் வேறோர் இடத்தில் இருந்தால் புதிய நகலுக்கு விண்ணப்பிப்பது எளிது.

இதற்கு மாறாக, ஊரறிய அச்சாகி வந்த தமிழ்த் தாள்களைத் தாராளமாக அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆண்டு மலர்கள், கோவில் மலர்கள், பத்திரிகைத் துண்டுகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் எல்லாம் அந்த வகை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் போன்ற நிகழ்வுகளின் ஊர்க்கதை, அரசாங்கக் கோப்புகளைவிட இப்படிப்பட்ட சிறு அச்சுகளில்தான் மிஞ்சியிருக்கக் கூடும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. ஒரு நாளிதழ் நின்ற பிறகு அதன் பழைய பக்கங்கள் எவர் வீட்டில் இருக்கின்றனவோ அவரே அதன் காப்பாளர்.

எழுத்துணரி தமிழுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ் விக்கிமூலம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் இலக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2015க்குப் பிறகு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே கிடைத்த நாட்டுடைமை நூல்களின் வருடிய பக்கங்களை விக்கிமூலத்தில் ஏற்றி, த. சீனிவாசன் எழுதிய நிரலைக் கொண்டு கூகல் டிரைவின் எழுத்துணரியிடம் கொடுத்து, வந்த எழுத்தைப் பக்கம் பக்கமாக மனிதர்கள் மெய்ப்புப் பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் 2015இல் வெளியிடப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பிலும் தன்னார்வலர்களின் உழைப்பு இருந்தது. இயந்திரம் முதல் படியை எழுதித் தருகிறது, மனிதர் திருத்துகிறார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயன் இல்லை.

நம் வட்டாரத்துக்கு இதில் தனி உரிமையே உண்டு என்பேன். தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான முத்து நெடுமாறன் கேரித் தீவோடு தொடர்புள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். 1985இல் முரசு மென்பொருள், 2005இல் கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் என்று அவர் பணி நீண்டது. அவருடைய தந்தை முரசு நெடுமாறன், பழைய ஏடுகளைத் தேடித் தேடி நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய’மாகத் தந்தவர். எழுத்துணரி கைக்கு வராத காலத்தில் ஒருவர் செய்த வேலை அது. இன்று நம் கையில் கருவி இருக்கிறது, தேடுகிறவர்கள்தாம் வேண்டும்.

செய்முறை பற்றிச் சில சொற்கள். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து வையுங்கள். பிளாஷ் போட்டால் பளபளப்பான மலர்த் தாளில் ஒளித்திட்டு விழுந்து எழுத்து மறையும். கைப்பேசி தாளுக்கு நேர் மேலே இருக்கட்டும். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிற மெல்லிய தாளானால் அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே எடுப்பது நல்லது, இல்லையென்றால் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் பின்னிக்கொள்ளும். கைப்பேசியில் படம் எடுத்து டேப்லட்டில் திருத்துவது கண்ணுக்கு இதமான முறை. பெரிய திரையில் ஒரு பாதி படம், மறுபாதி எழுத்து என்று வைத்து ஒப்பிடலாம். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியை எழுத்துணரியிடம் கொடுக்காதீர்கள். சுருங்கிய படத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

எடுத்த எழுத்தைச் செயலிக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள். 2014இல் வந்து பலரும் நம்பிப் பயன்படுத்திய தன் லென்ஸ் செயலியை நிறுத்தப்போவதாக 2025இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செயலி நின்றுபோகும், நிறுவனம் கைமாறும். மூலப் படத்தை ஒரு கோப்பாகவும், திருத்திய எழுத்தைச் சாதாரண உரைக் கோப்பாகவும் வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள்.

தெலுக் பங்லிமா காராங்கிலோ கேரித் தீவிலோ காப்பாரிலோ உங்கள் வீட்டில் பழைய ஆண்டு மலரோ கோவில் மலரோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் அதன் பக்கங்களைப் படம் எடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, பெயர்களை மட்டுமாவது தாளோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரு பிரதியை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள்.